புலி வாலைப் பிடித்த வங்கிகள்

வங்கியில் நகையை அடகு வைத்து இருபதாயிரம் ரூபாய் வாங்கிய ஒரு தாய், கெடு முடிந்தும் மீட்கவில்லை என்றால் என்ன நடக்கும்? முதலில் ஒரு நோட்டீஸ் வரும். பிறகு இன்னொரு நோட்டீஸ் வரும். அதற்குப் பிறகு செய்தித்தாளில் ஏல அறிவிப்பு வரும். மகளின் திருமணத்துக்கு என்று வைத்திருந்த நகை ஒரே நாளில் கை மாறி விடும். "அடுத்த மாதம் மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவான், அதுவரை பொறுத்துக் கொள்ளுங்கள்" என்று அவள் கெஞ்சினால், "நாங்கள் என்னம்மா செய்வது? விதி அப்படி" என்று பதில் வரும்.

அதே வங்கியில் ஆயிரம் கோடி வாங்கிய ஒரு கட்டுமான அதிபர் தவணை கட்டவில்லை என்றால் நோட்டீஸ் வருவதில்லை. அழைப்பு வருகிறது. குளிரூட்டப்பட்ட அறையில் உட்கார வைத்து, "உங்களுக்கு இன்னும் எவ்வளவு தேவைப்படும்?" என்று கேட்கிறார்கள். பழைய கடனுக்குக் கெடு நீட்டிக்கப்படுகிறது. பழைய வட்டியைக் கட்டுவதற்கே புதிய கடன் கொடுக்கப்படுகிறது. விதி அங்கே வளைந்து கொடுக்கிறது.

ஏன் இந்த வேறுபாடு? லஞ்சம்தான் காரணம் என்று நம்மில் பலர் ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறோம். லஞ்சமும் உண்டு. மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு ரூபாய் கூட லஞ்சம் வாங்காத அதிகாரியும் இதையேதான் செய்கிறார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். மூழ்கிக் கொண்டிருக்கும் நிறுவனத்துக்கு, அது மூழ்குகிறது என்று நன்றாகத் தெரிந்த பிறகும், வங்கிகள் ஏன் மீண்டும் மீண்டும் பணம் கொடுக்கின்றன? இந்தக் கேள்விக்கு விடை காண, உலகிலேயே அதிகக் கடன் சுமந்த கட்டுமான நிறுவனம் என்று பெயரெடுத்த சீனாவின் எவர்கிராண்டே நிறுவனத்தின் கதையைப் பார்ப்போம்.

யார் இந்த எவர்கிராண்டே?

1996ஆம் ஆண்டு ஹூய் கா யான் என்பவரால் குவாங்சோ நகரில் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. கிராமங்களிலிருந்து நகரங்களுக்கு மக்கள் கோடிக்கணக்கில் குடியேறிய காலம் அது. வீடு கட்டி விற்பவர்களுக்குப் பொற்காலம். 2009ஆம் ஆண்டு ஹாங்காங் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. 2017ஆம் ஆண்டில் ஹூய் சீனாவின் முதல் பணக்காரர் என்று பத்திரிகைகள் எழுதின. கால்பந்து அணி வாங்கினார்கள். குடிநீர் பாட்டில் விற்றார்கள். மின்சாரக் கார் தயாரிக்கப் போவதாக அறிவித்தார்கள். எல்லாம் எந்தப் பணத்தில்? கடன் பணத்தில்.

அவர்களின் தொழில் முறை எளிமையானது. கடன் வாங்கி நிலம் வாங்குவது. அந்த நிலத்தில் கட்டடம் எழும்புவதற்கு முன்பே வீடுகளை விற்று விடுவது. வீடு வாங்குபவர் வங்கியில் கடன் வாங்கி முழுப் பணத்தையும் கட்டி விடுவார். வீடு கைக்கு வருவதற்கு முன்பே அவருக்குத் தவணை தொடங்கி விடும். அந்தப் பணத்தைக் கொண்டு அடுத்த ஊரில் அடுத்த நிலம். சிமெண்ட் கொடுத்தவருக்கும் கம்பி கொடுத்தவருக்கும் ரொக்கம் கிடையாது. பல மாதங்கள் கழித்துப் பணமாகும் கடன் சீட்டுதான்.

இந்தச் சக்கரம் சுழன்று கொண்டே இருக்கும் வரை எல்லாம் நன்றாகவே தெரியும். ஒரு நாள் நின்றால்?

2021ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் அந்த நிறுவனம் கொடுக்க வேண்டிய மொத்தப் பொறுப்புகள் 1,97,000 கோடி யுவான். அமெரிக்கப் பணத்தில் 30,000 கோடி டாலருக்கும் மேல். பல நாடுகளின் மொத்த தேசிய வருமானத்தை விடப் பெரிய தொகை இது. பணம் கட்டி விட்டு வீட்டுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல்.

ஆபத்து தெரியாமலா கொடுத்தார்கள்?

தெரியாமல் கொடுத்து விட்டார்கள் என்று சொல்ல முடியாது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் சீன அரசு கட்டுமான நிறுவனங்களுக்கு மூன்று எல்லைக் கோடுகளை வகுத்தது. சொத்தோடு ஒப்பிட்டால் பொறுப்புகள் எவ்வளவு இருக்கலாம், சொந்த மூலதனத்தோடு ஒப்பிட்டால் கடன் எவ்வளவு இருக்கலாம், உடனடியாகக் கட்ட வேண்டிய கடனுக்குக் கையில் ரொக்கம் இருக்கிறதா என்பவைதான் அந்த மூன்றும். எவர்கிராண்டே மூன்றையுமே மீறியிருந்தது. இதைக் கண்டுபிடிக்க ரகசிய ஆவணம் எதுவும் தேவைப்படவில்லை. வெளியிடப்பட்ட கணக்கிலேயே இருந்தது.

அதற்கு அடுத்த மாதம் நடந்ததைப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் முக்கியப் பிரிவில் பெரும் முதலீட்டாளர்கள் 13,000 கோடி யுவான் போட்டிருந்தனர். 2021 ஜனவரிக்குள் அந்தப் பிரிவு ஷென்சென் பங்குச் சந்தையில் நுழையாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது ஒப்பந்தம். கெடு நெருங்கியது. நுழைய வழியில்லை. அந்த நேரத்தில், நிறுவனம் அரசிடம் உதவி கேட்டு எழுதியதாக ஒரு கடிதம் வெளியில் உலவியது. அது போலி என்று நிறுவனம் மறுத்தது. ஆனாலும் சந்தை நடுங்கியது.

முதலீட்டாளர்கள் என்ன செய்தார்கள்? பணத்தைக் கொடு என்று சட்டையைப் பிடித்தார்களா? இல்லை. 8,630 கோடி யுவானுக்கு உரியவர்கள், தாங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை என்று அந்த மாத இறுதியிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

ஏன்? பெருந்தன்மையா? இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்கும் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். கேட்காமல் இருந்தால் என்றாவது கிடைக்கலாம். புலியின் வாலைப் பிடித்தவன் கதைதான் இது. பிடித்துக் கொண்டிருப்பதும் ஆபத்து. விட்டால் அதை விட ஆபத்து.

கணக்கு சொல்லும் காரணம்

இதை ஒரு சிறு உதாரணத்தால் புரிந்து கொள்ளலாம். ஒரு வங்கி ஒரு நிறுவனத்துக்கு ஆயிரம் கோடி கொடுத்திருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். கட்டடம் பாதியில் நிற்கிறது. இப்படியே ஏலம் விட்டால் முந்நூறு கோடிதான் கிடைக்கும். கூரை இல்லாத வீட்டை யார் நல்ல விலைக்கு வாங்குவார்கள்? ஆனால் இன்னும் இருநூறு கோடி போட்டுக் கட்டி முடித்தால் எண்ணூறு கோடிக்கு விற்கலாம்.

இப்போது வங்கி என்ன செய்யும்? இருநூறு கோடி போட்டால் ஐந்நூறு கோடி கூடுதலாகக் கிடைக்கிறது. பழைய ஆயிரம் கோடி போனது போனதுதான். அதை நினைத்து அழுது பயனில்லை. புதிதாகப் போடும் இருநூறு கோடிக்கு லாபமா நட்டமா என்று மட்டும் பார்த்தால், திவாலாகி விட்ட நிறுவனத்துக்கு மேலும் கடன் கொடுப்பதே புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. இந்தக் கணக்கில் தவறு இல்லை என்பதை நாம் ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கு பலிக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, அந்த இருநூறு கோடியும் அந்தக் கட்டடத்தின் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் மட்டுமே போக வேண்டும். வேறு ஊரில் நிலம் வாங்கவோ, பழைய கடனுக்கு வட்டி கட்டவோ, முதலாளிக்கு ஈவுத்தொகை கொடுக்கவோ போகக் கூடாது. இரண்டாவது, கட்டி முடித்தால் எண்ணூறு கோடிக்குப் போகும் என்ற மதிப்பீடு உண்மையாக இருக்க வேண்டும். அந்த மதிப்பீட்டை எழுதிக் கொடுப்பது யார்? பல நேரங்களில் கடன் கேட்பவரின் செலவில் வரும் மதிப்பீட்டாளர்தான்!

எவர்கிராண்டே விஷயத்தில் கணக்குப் புத்தகமே பொய் என்று பிறகு வெளியானது. 2019, 2020 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 56,400 கோடி யுவான் வருமானத்தை அதன் முக்கியப் பிரிவு மிகைப்படுத்திக் காட்டியது என்று சீனப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2024 மார்ச்சில் அறிவித்தது. கட்டி ஒப்படைக்காத வீடுகளை எல்லாம் விற்று முடித்த வருமானமாக எழுதி வைத்திருந்தார்கள். நிறுவனத்துக்கு 417.5 கோடி யுவான் அபராதம். ஹூய்க்கு 4.7 கோடி யுவான் அபராதம். ஆயுள் முழுவதும் பங்குச் சந்தைப் பக்கம் வரக் கூடாது என்ற தடை வேறு. கணக்குத் தணிக்கை செய்த பிரைஸ்வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸ் நிறுவனத்தின் சீனப் பிரிவுக்கும் 44.1 கோடி யுவான் அபராதமும் ஆறு மாதத் தடையும் விதிக்கப்பட்டன. பொய்க் கணக்கின் மேல் போடப்பட்ட கூட்டல் கழித்தல் எப்படிச் சரியாகும்?

ஏட்டில் மட்டும் உயிர்

அடுத்த காரணம் வங்கியின் சொந்தக் கணக்கில் இருக்கிறது. ஒரு கடன் வராது என்று வங்கி ஒப்புக் கொண்டால், அந்த நட்டத்துக்குத் தன் லாபத்திலிருந்து பணம் ஒதுக்க வேண்டும். லாபம் போதாவிட்டால் மூலதனம் கரையும். மூலதனம் கரைந்தால் மேலிடம் கேள்வி கேட்கும். பங்கு விலை விழும். அந்த ஆண்டு பதவியில் இருக்கும் அதிகாரிக்குக் கெட்ட பெயர்.

அதையே கெடு நீட்டி விட்டால்? புதிய கடன் கொடுத்து அதிலிருந்தே பழைய வட்டியை எடுத்துக் கொண்டால்? ஏட்டில் கடன் உயிரோடு இருக்கும். வட்டி வந்ததாக எழுதலாம். லாபம் கூடக் காட்டலாம். மூன்று ஆண்டுகளில் அந்த அதிகாரி பதவி உயர்வு பெற்று வேறு ஊருக்குப் போய் விடுவார். பிணத்துக்குப் புதுச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார வைத்த கதை. நாற்றம் வரும் போது அவர் அங்கே இருக்க மாட்டார்.

வட்டியின் தன்மையையும் இங்கே கவனிக்க வேண்டும். வட்டிக்கு வட்டி என்று ஏறும் கடன், கடனாளியின் உழைப்பை விட வேகமாக வளர்கிறது. அசலைக் குறைக்கவே முடியாத நிலை வந்த பிறகும், ஏட்டில் அது சொத்தாகவே எழுதப்படுகிறது. கடன் வாங்கியவன் நொடித்துப் போனால் அவகாசம் கொடு, முடிந்தால் தள்ளுபடி செய் என்பது நம் மார்க்கம் காட்டும் வழி. இங்கேயும் அவகாசம் கொடுக்கிறார்களே என்று யாராவது கேட்டால், அந்த அவகாசம் யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள் என்றுதான் சொல்வோம். நொடித்தவனின் கண்ணீரைத் துடைக்க அது கொடுக்கப்படவில்லை. கொடுத்தவனின் தவறை மறைக்கக் கொடுக்கப்படுகிறது.

எவர்கிராண்டே இன்னும் ஒரு படி மேலே போனது. ஷென்யாங் நகரின் ஷெங்ஜிங் வங்கியில் அதுவே மிகப் பெரிய பங்குதாரர். கடன் வாங்குபவனே கடன் கொடுக்கும் கடையிலும் முதலாளி! நெருக்கடி முற்றிய பிறகு, 2021 செப்டம்பரில், அந்தப் பங்குகளில் ஒரு பகுதியை அரசு நிறுவனம் ஒன்று சுமார் 1,000 கோடி யுவானுக்கு வாங்கிக் கொண்டது. அந்தப் பணம் முழுவதும் எவர்கிராண்டே தனக்குத் தர வேண்டிய கடனுக்கே போக வேண்டும் என்று அந்த வங்கி நிபந்தனை போட்டது. வேலியே பயிரை மேய்ந்து விட்டு, மேய்ந்த பிறகு வேலிக்குக் கணக்குப் பார்த்தார்கள்.

பின்னால் அரசு இருக்கிறது என்ற நம்பிக்கை

கொடுத்தவர்கள் எல்லோர் மனதிலும் இருந்த நம்பிக்கை ஒன்றுதான். இவ்வளவு பெரிய நிறுவனத்தை அரசு விழ விடாது!

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. சீனாவில் நகர்ப்புற நிலம் அரசுடையது. உள்ளூர் அரசுகள் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை விற்றுத்தான் பெரும் வருமானம் பார்த்தன. 2021ஆம் ஆண்டில் மட்டும் அந்த வகையில் வந்தது சுமார் 8,70,000 கோடி யுவான். வீட்டுத் தொழிலும் அதைச் சார்ந்தவையும் நாட்டின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ கால் பங்கு. நிலம் வாங்கும் நிறுவனம் விழுந்தால் நிலத்தின் விலை விழும். நிலத்தின் விலை விழுந்தால் நகராட்சியின் வருமானம் விழும். வங்கிகள் அடகாக வைத்திருப்பதும் அதே நிலம்தான். ஒரு நிறுவனத்தின் சொத்தை அவசர ஏலத்தில் விற்றால், பக்கத்து நிறுவனத்துக்குக் கொடுத்த கடனின் அடகும் மதிப்பிழக்கும். சாதாரண மக்கள் வாங்கிய வீட்டுக் கடனின் அடகும் மதிப்பிழக்கும். ஒரு குடிசையில் பிடித்த தீ தெரு முழுவதும் பரவுவது போல.

ஆக, கடன் சிறியதாக இருந்தால் கடனாளி பயப்பட வேண்டும். கடன் பெரியதாகி விட்டால் வங்கி பயப்பட வேண்டும். கடன் மலை போல வளர்ந்து விட்டால் அரசாங்கமே பயப்பட வேண்டும். இதைப் புரிந்து கொண்ட பெரும் கடனாளி, கடனைக் குறைக்க விரும்புவதே இல்லை. கடன்தான் அவனுக்குக் கேடயம்!

சீனாவில் மட்டும்தானா?

இல்லை. 1990ஆம் ஆண்டு அமெரிக்காவில் டொனால்ட் டிரம்ப் என்ற கட்டட அதிபர் கடனில் மூழ்கினார். பிற்காலத்தில் அந்நாட்டின் அதிபரானாரே, அவரேதான். 80 கோடி டாலருக்கும் மேற்பட்ட கடனுக்கு அவர் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கொடுத்திருந்தார். வங்கிகள் அவரைத் தெருவுக்குக் கொண்டு வந்தனவா? மேலும் 6.5 கோடி டாலர் கடன் கொடுத்தன. வட்டியைத் தள்ளி வைத்தன. அதோடு, அவர் தன் சொந்தச் செலவுக்கு மாதம் நாலரை லட்சம் டாலர் எடுத்துக் கொள்ளலாம் என்று ஒரு வரம்பும் போட்டுக் கொடுத்தன! கடன் கட்ட முடியாதவருக்கு மாதச் செலவுக்கு நாலரை லட்சம் டாலர்! அவர் பெயர் இருந்தால்தான் கட்டடங்களுக்கு விலை இருக்கும் என்று வங்கிகள் கணக்குப் போட்டன.

துபாயைப் பார்ப்போம். நம் குடும்பங்களில் பலர் வியர்வை சிந்திய ஊர் அது. கடலுக்குள் பேரீச்ச மர வடிவில் தீவு அமைத்த நக்கீல் நிறுவனமும் அதன் தாய் நிறுவனமான துபாய் வேர்ல்டும் 2009 நவம்பரில், கடனைக் கட்ட அவகாசம் வேண்டும் என்று அறிவித்தன. மொத்தப் பொறுப்புகள் சுமார் 5,900 கோடி டாலர். அந்த டிசம்பர் 14ஆம் தேதி நக்கீல் கட்ட வேண்டியிருந்தது ஒரு சுகூக், அதாவது வட்டி இல்லாதது என்று சொல்லி விற்கப்பட்ட பத்திரம். அதே நாளில் அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்துக் காப்பாற்றியது. மீதிக் கடனுக்கு வங்கிகள் ஐந்து ஆண்டு, எட்டு ஆண்டு என்று கெடு நீட்டித்தன.

பத்திரத்துக்கு என்ன பெயர் சூட்டினாலும், கடனுக்கு மேல் கடன் வாங்கி மணலில் கோட்டை கட்டினால் விளைவு ஒன்றுதான். இதை மற்றவர்களுக்குச் சொல்வதற்கு முன் நமக்கு நாமே சொல்லிக் கொள்ள வேண்டும்.

யார் தலையில் விடிந்தது?

மீண்டும் எவர்கிராண்டேக்கு வருவோம். 2021 டிசம்பரில் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்கான வட்டியைக் கட்டத் தவறியது. அதோடு கதை முடிந்ததா? இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடந்தது. 2022 ஜூனில் ஒரு முதலீட்டு நிறுவனம் 86.25 கோடி ஹாங்காங் டாலர் பாக்கிக்காக வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தைக் கலைக்கும் அந்த வழக்கு திரும்பத் திரும்பத் தள்ளி வைக்கப்பட்டது. கடன்காரர்களே அவகாசத்துக்கு இணங்கினார்கள். கலைத்தால் வெளிநாட்டுக் கடன்காரர்களுக்கு நூற்றுக்கு 3.4தான் தேறும் என்று ஒரு தணிக்கை நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. நூற்றுக்கு மூன்றரை கூடத் தேறாது என்றால் யார்தான் கலைக்கச் சொல்வார்கள்?

கடைசியில் 2024 ஜனவரி 29ஆம் தேதி, போதும் போதும் என்று சொல்லி ஹாங்காங் நீதிமன்றம் கலைக்க உத்தரவிட்டது. 2025 ஆகஸ்ட் 25ஆம் தேதி பங்குச் சந்தையின் பட்டியலிலிருந்தும் அந்தப் பெயர் நீக்கப்பட்டது. கலைப்பு அதிகாரிகளிடம் வந்த கோரிக்கைகள் 35,000 கோடி ஹாங்காங் டாலர், அதாவது 4,500 கோடி அமெரிக்க டாலர். அதுவரை விற்றுச் சேர்த்தது சுமார் 25.5 கோடி அமெரிக்க டாலர்!

இந்தக் காத்திருப்பில் கடன் குறைந்ததா? 2021 நடுவில் 1,97,000 கோடி யுவானாக இருந்த பொறுப்புகள், 2022 இறுதியில் 2,43,700 கோடி யுவானாக உயர்ந்திருந்தன. அந்த இரண்டு ஆண்டுகளில் மட்டும் நட்டம் 58,000 கோடி யுவானுக்கும் மேல்.

நல்ல காலத்தில் ஈவுத்தொகையாகவும் சம்பளமாகவும் வெளியேறிய சுமார் 600 கோடி டாலரைத் திருப்பித் தர வேண்டும் என்று ஹூய் உட்பட ஏழு தரப்பினர் மீது கலைப்பு அதிகாரிகள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். கடன் பணம் உள்ளே வந்து கொண்டிருந்த அதே காலத்தில், இன்னொரு கதவு வழியாகப் பணம் வெளியே போய்க் கொண்டிருந்தது என்பதுதான் இதன் பொருள்.

எளியவர்கள் நிலை என்ன? சிமெண்ட் கொடுத்த சிறு வியாபாரி கையில் செல்லாத சீட்டு. சிலருக்குப் பணத்துக்குப் பதிலாகக் கட்டி முடியாத வீடு. அதிக வருமானம் தரும் என்று சொல்லி அந்த நிறுவனம் நடத்திய நிதித் திட்டங்களில் அதன் ஊழியர்களே பணம் போட்டிருந்தார்கள். 2021 செப்டம்பரில் ஷென்சென் தலைமை அலுவலகத்தை அவர்கள் முற்றுகையிட்ட போது, வீடாக எடுத்துக் கொள்ளுங்கள், வாகனம் நிறுத்தும் இடமாக எடுத்துக் கொள்ளுங்கள் என்று சமாதானம் சொன்னார்கள். கூழுக்கு அழுதவனுக்குக் காலிப் பானையைக் காட்டிய கதை.

2022 ஜூன் இறுதியில் ஜிங்டெசென் நகரில் வீடு வாங்கியவர்கள் ஒன்று கூடி ஒரு முடிவெடுத்தார்கள். கட்டட வேலை தொடங்காவிட்டால் நாங்கள் வங்கித் தவணை கட்ட மாட்டோம் என்று அறிவித்தார்கள். அந்தத் தீப்பொறி சில வாரங்களில் நூற்றுக்கணக்கான குடியிருப்புகளுக்குப் பரவியது. அதன் பிறகுதான் அரசு அசைந்தது. நிறுவனத்தைக் காப்பாற்றுவதை விட, விற்ற வீட்டைக் கட்டி ஒப்படைப்பதே முக்கியம் என்று பேசத் தொடங்கியது. 2024 ஜனவரியில், தகுதியுள்ள குடியிருப்புகளைப் பட்டியலிட்டு அவற்றுக்கு மட்டும் கடன் கொடுக்கும் முறை வந்தது. பேச்சுரிமை குறைந்த அந்த நாட்டிலேயே, ஒன்றுபட்ட மக்களின் குரல் கணக்கு ஏட்டை மாற்றி எழுத வைத்தது என்றால் நாம் சிந்திக்க வேண்டாமா?

நம் நாட்டின் நிலை

நம் நாட்டு வங்கிகளும் இதே வியாதியால் அவதிப்பட்டவைதான். 2015ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி கடன்களின் தரத்தைத் தோண்டித் துருவிப் பார்க்க உத்தரவிட்ட பிறகுதான் ஏட்டில் உயிரோடு இருந்த பிணங்கள் வெளியே வந்தன. 2018 மார்ச்சில் வங்கிகளின் மொத்தக் கடனில் சுமார் 11 சதவீதம் வாராக் கடன் என்று தெரிந்தது. அந்தக் கடன்கள் ஒரே இரவில் கெட்டுப் போனவை அல்ல. பல ஆண்டுகள் சட்டை மாற்றி உட்கார வைக்கப்பட்டிருந்தவை.

டெல்லிக்கு அருகில் நொய்டாவில் ஆம்ரபாலி குழுமத்திடம் பணம் கட்டிய 42,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தன. 2019 ஜூலை 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நம் கவனத்துக்குரியது. வீடு வாங்கியவர்களின் பணம் வேறு வழிகளில் திருப்பி விடப்பட்ட போது, அதைக் கண்காணிக்க வேண்டிய வங்கிகளும் அதிகார அமைப்புகளும் கடமை தவறின என்று நீதிமன்றம் கண்டித்தது. தங்கள் பாக்கிக்காக அந்த வீடுகளின் மீது கை வைக்க அவற்றுக்கு உரிமை இல்லை என்றது. அரசு நிறுவனமான என்.பி.சி.சி. வீடுகளைக் கட்டி முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கண்ணை மூடிக் கொண்டு கடன் கொடுத்தவன், அப்பாவியின் வீட்டைப் பறித்துத் தன் நட்டத்தை ஈடு கட்டக் கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் திவால் சட்டத்திலும் வீடு வாங்குபவர்கள் கடன் கொடுத்தவர்களாகவே ஏற்றுக் கொள்ளப்பட்டு, மேசையில் அவர்களுக்கும் ஓர் இடம் கிடைத்தது.

என்ன செய்ய வேண்டும்?

மூழ்கும் நிறுவனத்துக்கு யாரும் ஒரு பைசா கொடுக்கக் கூடாது என்பது நம் வாதம் அல்ல. அப்படிச் செய்தால் முதலில் நசுங்குவது வீட்டுக்குக் காத்திருக்கும் குடும்பமும் கூலிக்குக் காத்திருக்கும் தொழிலாளியும்தான். கட்டடத்தைக் காப்பாற்றுவது வேறு. கட்டட அதிபரைக் காப்பாற்றுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதில்தான் மோசடியே இருக்கிறது.

புதிய கடன் கொடுத்தால் அது குறிப்பிட்ட கட்டடத்துக்கு என்று தனிக் கணக்கில் இருக்க வேண்டும். வீடு வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் நம் நாட்டில் சொல்கிறது. நல்ல சட்டம்தான். அந்தக் கணக்கைக் கண்காணிப்பவர் தூங்கி விட்டால் சட்டம் காகிதம்தான். சீனாவிலும் இதே போன்ற விதிகள் இருக்கத்தான் செய்தன.

கெடு நீட்டிக்கப்பட்ட பெருங்கடன்களின் பட்டியல் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். எத்தனை முறை நீட்டிக்கப்பட்டது, யார் ஒப்புதல் கொடுத்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் கட்டத் தவறியவனின் புகைப்படத்தைச் செய்தித்தாளில் போடத் தயங்காதவர்கள், ஐயாயிரம் கோடிக்காரனின் பெயரை ரகசியம் என்று மறைக்கலாமா? கெடு நீட்டிப்பு கேட்கும் முதலாளி முதலில் தன் ஈவுத்தொகையையும் சொகுசுகளையும் விட்டுக் கொடுக்க வேண்டும். அவர் தன் பையிலிருந்து எடுத்து வைத்த பிறகுதான் வங்கி தன் பையைத் திறக்க வேண்டும். ஏனென்றால் வங்கியின் பை என்பது வங்கியின் பை அல்ல. அது நீங்களும் நானும் சேமித்து வைத்த பணம்.

வீடு வாங்க நினைக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரிய நிறுவனம், பெரிய வங்கியே கடன் கொடுத்திருக்கிறது, அதனால் பயமில்லை என்று நினைத்து விடாதீர்கள். வங்கி கடன் கொடுத்திருப்பது அந்த நிறுவனம் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கான சான்று அல்ல. சில நேரங்களில் அது நேர்மாறான செய்தி. வங்கியும் வாலை விட முடியாமல் அங்கே நின்று கொண்டிருக்கலாம்.

அந்தத் தாயின் நகைக்கு வருவோம். இருபதாயிரம் ரூபாய்க்கு ஒரு மாத அவகாசம் கேட்ட போது, விதி என்று சொன்னார்களே, அந்த விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அவளுக்கு ஏலம் என்றால் அதிபருக்கும் ஏலம். அதிபருக்கு அவகாசம் என்றால் அவளுக்கும் அவகாசம். இதைத்தான் நாம் கேட்கிறோம். கொடுக்கும் வரை கேட்டுக் கொண்டே இருப்போம்.